கார்டு தேய்த்த கை

அத்தியாயம் 19

மூன்று நாளாகப் பிரின்சிக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் அவளுக்கும் அவள் அண்ணன் எட்வர்டுக்கும் மட்டும்தான் தெரியும். இந்த வாரம்தான் முதன்முதலாகப் பிரித்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். பழைய வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பெயின்ட்டுக்குச் சரக்கு கலந்து கொடுக்கிற கம்பெனி. எட்வர்டும் அவன் மனைவி ஹெலனும் அங்கே கான்ட்ராக்ட் ஆட்கள். தங்கை பிரின்சி மட்டும் எச்.ஆர். ஆபீஸில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள், கம்பெனியின் சொந்த ஸ்டாஃப். கெமிக்கல் பட்டுப் பட்டு ரேகை அழிந்துபோன விரல்களை மெஷின் படிக்காது. அதனால் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஆளுக்கொரு கார்டு. டைம் ஆபீஸ் பக்கத்து ஸ்டாண்டில் சொருகியிருக்கும் கார்டை எடுத்து மெஷினில் தேய்த்துவிட்டு உள்ளே போக வேண்டும். ரயில் லேட்டானால் முன்னால் வந்தவர் பின்னால் வருகிறவரின் கார்டையும் சேர்த்துத் தேய்த்துவிடுவார். பத்து நிமிஷம் பிந்தினால் அரை நாள் போய்விடும் என்பதால் இதை அங்கே யாரும் தப்பாக நினைத்ததே கிடையாது.

திங்கட்கிழமை ரயில் அனுப்பம்பட்டில் நின்றுவிட்டது. "கார்டு போட்டுடு" என்று எட்வர்ட் தங்கைக்கு மெசேஜ் அனுப்பினான். பெண்களுக்கான வேனில் முன்னாலேயே வந்துவிட்ட பிரின்சி தேய்த்தாள். இருபது நிமிஷத்தில் கலவை ஷெட்டில் ஒரு டிரம் கசிந்து புகை கிளம்பியது. சைரன் அடித்தது. எல்லோரும் ஓடி வந்து வேப்பமரத்தடியில் கூடினார்கள். கார்டு மெஷின் தரும் பட்டியலைப் பார்த்துப் பெயர் வாசிப்பது பிரின்சியின் வேலை. பட்டியலில் எட்வர்ட் இருந்தான், கூட்டத்தில் இல்லை.

புருஷன் உள்ளே மாட்டிக்கொண்டான் என்று ஹெலன் மண்ணில் விழுந்து கதறினாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் சீனியர் ஆப்பரேட்டர் வீரராகவன் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். அவரைத் தூக்கி வந்தபோது நினைவில்லை. இன்றுவரை திரும்பவில்லை. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

எட்வர்ட் உள்ளே இல்லை என்பது அந்த மரத்தடியில் ஒரே ஒருத்திக்குத் தெரியும். அவள் கையில் பட்டியல் இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

இனி வியாழக்கிழமைக்கு வருவோம்.

* * *

மீஞ்சூர் வீட்டில் ரோசம்மாள் உப்புமாவைத் தட்டில் போட்டு மகள் முன்னால் வைத்தாள்.

"நாஷ்டா துன்னுட்டுப் போ. மூணு நாளா எதுக்கு இப்டி மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கீற? அதான் உங்க அண்ணன் உசுரோட வந்துட்டான்ல. மாதாவுக்கு மெழுவத்தி ஏத்தணும், ஞாபவம் வெச்சுக்க."

"வேன் வந்துரும்மா."

"வேன் நிக்கும். உன் வவுறு நிக்குமா?"

எட்வர்ட் வாசல் படியில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தான். கார்டு விஷயத்தில் சஸ்பெண்ட் ஆனதிலிருந்து அதுதான் அவன் இடம். ஹெலன் உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாத அளவுக்கு அவன் குரலை இறக்கினான்.

"பாப்பா, நான் உம் பேர சொல்ல மாட்டேன். கழுத்துல கத்தி வெச்சாலும் சொல்ல மாட்டேன். மெசேஜ் அழிச்சிட்டேன். நீயும் அழிச்சிட்டல்ல?"

"ம்."

"டைம் ஆபீஸ் காமிராவும் போன மழையிலேயே அவுட்டு. நம்ம வாயத் தொறந்தாதான் பேஜாரு. ஆனா ஒண்ணு..." எட்வர்ட் நிமிர்ந்து பார்த்தான். "நீ லிஸ்ட் படிச்சப்போ..."

பிரின்சி செருப்பு வாரை மாட்டுவது போலக் குனிந்துகொண்டாள். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்க அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஹெலன் டிபன் டப்பாவோடு வெளியே வந்தாள். வந்த வேகத்தில் புருஷனிடம் நின்றாள்.

"இப்பவாவது சொல்லுங்க. யாரு தேய்ச்சாங்க?"

"தெரியாதுன்னு எத்தினி வாட்டிடி சொல்றது?"

"உங்க கார்ட உங்களுக்குத் தெரியாம ஒருத்தர் எடுத்துத் தேய்ப்பாங்களா? யாரக் காப்பாத்திக்கினு கீறீங்க நீங்க?"

வேன் ஹாரன் அடித்தது. பிரின்சி முதல் ஆளாகப் போய் ஏறிக்கொண்டாள்.

* * *

ஆபீஸில் பையை வைப்பதற்குள் மேனேஜர் குணாளன் கூப்பிட்டார்.

நல்ல மனிதர்தான். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்துவிட்டு வந்தவர். எச்.ஆருக்கு வந்தும் வாத்தியார் அவரை விட்டுப் போகவில்லை. மேஜைமேல் இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் இருந்தது.

"நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றார். அதுக்குள்ள முடிக்கணும். இதுக்குக் கீழ தமிழ் போட்டு எல்லா போர்டுலயும் ஒட்டிடு."

பிரின்சி வாசித்தாள். திங்கட்கிழமை எட்வர்டின் கார்டைத் தேய்த்தவர் இன்று மாலை நாலு மணிக்குள் 'ஓன் அப்' செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்தக் கான்ட்ராக்டரின் ஆட்கள் இருபத்திரண்டு பேரும் நாளை முதல் மாற்றப்படுவார்கள். டைம் ஆபீஸ் காவலர் வெங்கடேசன் வேலையிலிருந்து நீக்கப்படுவார்.

தன்னைப் பிடிக்கப் போட்ட வலைக்குத் தன்னையே கயிறு திரிக்கச் சொல்கிறாரே!

"சார், ஓன் அப்னா... ஒப்புக்கொள்ளவும்னு போடட்டுமா?"

"ம்ஹூம். ஆளைப் பிடிச்சு, சாட்சியெல்லாம் காட்டினப்புறம் ஆமான்னு தலையாட்டறதுதான் ஒப்புக்கறது. அதுக்கு அட்மிட்னு வேற வார்த்தை இருக்கு."

"அறிக்கையிடவும்?"

"அது உங்க சர்ச்சுல, பாவசங்கீர்த்தனம். கன்ஃபெஸ். போலீஸ் ஸ்டேஷன்லயும் அதைத்தான் எழுதுவாங்க." குணாளன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பாடம் எடுக்க வாய்ப்புக் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. "இது பேச்சு வழக்கும்மா. கோர்ட் பேப்பர்ல வராது. வகுப்புல ஜன்னல் கண்ணாடி உடைஞ்சு கிடக்கு. யார் உடைச்சதுன்னு டீச்சருக்குத் தெரியாது, யாரும் பார்க்கல. பேசாம உட்கார்ந்திருந்தா அந்தப் பையன் தப்பிச்சிடலாம். இருந்தும் எழுந்து நிக்கிறான் பாரு, அதுதான் ஓன் அப். தப்பிக்க வழி இருக்கறப்போ வந்து சொல்றது."

"சரி சார்."

"வேணும்னேதான் இந்த வார்த்தையப் போட்டேன். பெரிய வார்த்தையா போட்டா பயந்து வாயை மூடிக்குவாங்க. நாம மிரட்டலைன்னு தெரியணும்."

இருபத்திரண்டு பேர் பிழைப்பை நாலு மணிக்குள் வைத்துவிட்டு மிரட்டவில்லை என்கிறார். வாத்தியார்கள் இப்படித்தான்.

பிரின்சி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாலு தடவை அடித்து நாலு தடவை அழித்தாள். கடைசியில் வந்தது இது: 'கார்டைத் தேய்த்தவர் யாராக இருந்தாலும் தாமாக முன்வந்து நான்தான் என்று சொல்லவும்.'

"பிரமாதம்" என்றார் குணாளன். "அர்த்தம் அப்படியே வந்திருக்கு."

ஏழு இடத்தில் ஒட்டினாள். டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

* * *

அந்த வார்த்தைக்கு எப்படித்தான் கால் முளைத்ததோ, மத்தியானச் சாப்பாட்டுக்குள் கேன்டீன் முழுக்க அதுதான்.

"என் சட்னி கரண்டிய எடுத்தவன் எவன்டா? மருவாதியா ஓன் அப் பண்ணிடு!" என்று கேன்டீன் குப்பம்மாள் சத்தம் போட்டாள்.

"நேத்து ரெண்டு முட்டை எடுத்தது முரளிதான் ஆயா. ஓன் அப் பண்ண மாட்டேன்றான்."

"டேய், உன் மச்சினிச்சிகிட்ட பேசுனத ஊட்டுல ஓன் அப் பண்ணியா முதல்ல?"

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத இருபத்திரண்டு பேர், அதனால்தான் அத்தனை சத்தமாகச் சிரித்தார்கள். சட்டென்று சிரிப்பு நின்றது. காவலர் வெங்கடேசன் தட்டோடு உள்ளே வந்தார். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை, யாரும் அவரை ஒன்றும் சொல்லவுமில்லை. அவர் நேராகப் பிரின்சியின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, திங்கக்கெழம நீ வந்தப்போ டேங்கர் லாரிக்கு நான் கேட்டு தொறந்து வுட்டுக்கினு இருந்தேன். அந்த நேரம் பாத்துதான் எவனோ வேலையக் காட்டிக்கீறான். நீ ஸ்டாண்டு பக்கமாத்தான போன? யாரையாவது பாத்தியாம்மா?"

பிரின்சியின் கையில் சோறு உருண்டையாகவே நின்றது.

"இல்லண்ணே."

"நல்லா ரோசன பண்ணிச் சொல்லு. ஒரு சட்ட கலரு ஞாபவம் இருந்தாக்கூட போதும். பதினோரு வருசம்மா. ஒரு பிளாக் மார்க்கு கெடையாது எனக்கு."

"நெஜமா யாரையும் பாக்கலண்ணே."

அது உண்மைதான். அங்கே வேறு யாரும் இல்லை. உண்மையைச் சொல்லியே ஒரு மனிதரை ஏமாற்ற முடியும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, தெரிந்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது. தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

பின்னாலேயே ஹெலன் வந்தாள்.

"இன்னா, அப்டியே கொட்டுற?"

"பசிக்கல அண்ணி."

ஹெலன் குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவ ஒன்றுமில்லாத கையை எத்தனை நேரம் கழுவுவது? ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று பிரின்சிக்குப் பட்டது.

"அந்த நோட்டீசு நீதான எழுதின? ஒண்ணு கேக்கறேன். செஞ்சவங்கதான் ஓன் அப் பண்ணணுமா? செய்யாத ஒருத்தர் போய் நான்தான்னு சொன்னா செல்லாதா?"

"செஞ்சவங்கதான் அண்ணி சொல்லணும். வேற யாரு சொன்னாலும் அந்த வார்த்தைக்கே அர்த்தம் இல்ல."

"அர்த்தத்த வெச்சி இன்னா பண்றது?" ஹெலன் முந்தானையில் கையைத் துடைத்தாள். "செஞ்சவங்க வர்ற மாதிரி தெரில. மணி ஒண்ணரை ஆவுது. இருபத்திரண்டு ஊட்டுல உல கொதிக்கணும். உங்க அண்ணனுக்கும் இந்த வேல வுட்டா வேற ஒண்ணும் தெரியாது."

"அண்ணி, நீங்க ஏதாவது..."

"நான் இன்னா பண்ணப் போறேன்? போ, போய் மூஞ்சி கழுவு. பேயறஞ்ச மாதிரி கீற."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அண்ணி, நான்தான் என்று இரண்டே வார்த்தை. கார்டு தேய்த்ததை அவள் சொல்லிவிடுவாள். அதை ஊரே செய்கிறது. அதற்கு அடுத்தபடியாக ஹெலன் என்ன கேட்பாள் என்பதுதான் அவளைத் தடுத்தது.

மரத்தடியில் அன்று நடந்தது இவ்வளவுதான். எட்வர்ட் என்று வாசித்தாள். பதில் இல்லை. அவன் வரவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் குணாளன் நின்றார். கார்டு எப்படித் தேய்ந்தது என்று கேட்பாரே! இன்னொரு தடவை வாசித்தால் யோசிக்க நேரம் கிடைக்கும் என்று வாசித்தாள். மூன்றாம் தடவை வாசித்தபோது ஹெலன் கதற ஆரம்பித்துவிட்டாள். இதோ சொல்லிவிடலாம், இதோ, இதோ என்று நினைத்துக்கொண்டே இருக்கும்போது வீரராகவன் துண்டை நனைத்துக்கொண்டு ஓடிவிட்டார். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம்கூட இருக்காது.

* * *

மூன்று மணிக்குப் பிரின்சி ஒரு வெள்ளைத் தாள் எடுத்தாள். தேதி போட்டாள். 'ஐயா' என்று எழுதினாள். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

மூன்றரைக்கு வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றாள். வீரராகவனின் மனைவி பச்சையம்மா. மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்த சேலை. ஆஸ்பத்திரியில் கேட்ட இ.எஸ்.ஐ. பேப்பரில் கம்பெனி கையெழுத்தும் சீலும் வேண்டுமாம்.

"உள்ள சார் கிட்ட போங்கக்கா" என்றாள் பிரின்சி. "அண்ணன் எப்டிக் கீறாரு?"

"கண்ணு தொறக்கலம்மா. காலு மட்டும் ஒரு தபா ஆடுச்சுன்னாங்க. நான் பாக்கல."

பிரின்சி தாளை இழுத்து வைத்துக்கொண்டாள். இந்த முறை பேனா நகர்ந்தது. கார்டைத் தேய்த்தது நான்தான் என்று எழுதினாள். எட்வர்ட் உள்ளே இல்லை என்று எனக்குத் தெரியும் என்றும் எழுதினாள். அழுகை வந்தது, ஆனால் மூன்று நாளில் முதல் தடவையாக மூச்சு முழுசாக உள்ளே போய் வந்தது. மணி மூன்று ஐம்பது. தாளை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

அதற்குள் குணாளனே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது.

"வா வா பிரின்சி. முடிஞ்சுது! உன் தமிழுக்குப் பலன் கிடைச்சிடுச்சு. ஓன் அப் பண்ணிட்டாங்க."

உள்ளே பச்சையம்மா நாற்காலியில் இருந்தாள். மேஜைக்கு இந்தப் பக்கம், பேக்கிங் செக்‌ஷன் ஏப்ரனோடு, பின்பக்கக் கதவு வழியாக வந்த ஹெலன் நின்றுகொண்டிருந்தாள். மேஜைமேல் கோடு போட்ட நோட்டில் கிழித்த தாள். ஹெலனின் கையெழுத்து, வரியை விட்டு மேலே ஏறும் அந்தக் கையெழுத்து, பிரின்சிக்கு நன்றாகத் தெரியும்.

"புருஷன் லேட்டுன்னு பொண்டாட்டி தேய்ச்சிருக்கு. இயற்கைதானே? கான்ட்ராக்டரோட ஆள், கான்ட்ராக்டர் பொறுப்பு. கம்பெனிக்குச் சம்பந்தமில்ல. இந்தம்மாவை நிறுத்தியாச்சுன்னு ஒரு லெட்டர் அடிச்சுக் கொண்டா. மத்த இருபத்தொரு பேரையும் வெங்கடேசனையும் விட்டுடலாம்."

ஹெலன் பிரின்சியைப் பார்த்துக் கண்ணால் சொன்னாள், ஒன்றும் பேசாதே என்று.

பச்சையம்மா மெதுவாக எழுந்தாள்.

"நீதான் தேய்ச்சியா?"

"ஆமாக்கா."

"அப்ப உன் புருஷன் உள்ள இல்லன்னு உனக்குத் தெரியும்."

பாவம், இதை ஹெலன் யோசிக்கவே இல்லை. இருபத்திரண்டு வீட்டு உலையை யோசித்தவள் இதை விட்டுவிட்டாள்.

"சொல்லுடி. தெரியும்ல? தெரிஞ்சிக்கினா அந்த அழுவ அழுத? என் புருசன் உள்ள கீறாரு, யாராவது போங்கன்னு மண்ணுல பொரண்டியே. அதக் கேட்டுத்தான அந்த மனுசன் ஓடினாரு. எங்கிட்ட எல்லாரும் சொன்னாங்க. நடிச்சியா? எம் புருசன அனுப்பறதுக்கு நடிச்சியா?"

இல்லை என்று சொன்னால் மேஜைமேல் இருக்கும் தாள் பொய்யாகிவிடும். ஹெலன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியும்க்கா. பயத்துல சொல்லல. மன்னிச்சிடு."

பச்சையம்மா கையை ஓங்கினாள்.

"அக்கா! அவங்கள அடிக்காதீங்க!" பிரின்சி நடுவில் வந்து நின்றாள். "அண்ணிக்குத் தெரியாது. அவங்க அழுதது நெஜம். கார்டு தேய்ச்சது நான். அண்ணன் ரயில்ல கீறாருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினேதான் அவரு பேர மூணு வாட்டி படிச்சேன்."

குணாளன் போய்க் கதவைச் சாத்தினார். திரும்பியபோது அவர் முகத்தில் வாத்தியார் இல்லை.

"பிரின்சி, வெளியே போ. நீ எச்.ஆர். ஸ்டாஃப். நீ செஞ்சதுன்னா அது கம்பெனி செஞ்சது மாதிரி. நீ எதுவும் சொல்லல, யார் காதிலயும் எதுவும் விழல."

"எனக்கு வுழுந்துச்சு சார்" என்றாள் பச்சையம்மா.

பிரின்சி தன் தாளைப் பிரித்து ஹெலனின் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். குணாளன் இரண்டில் எதையும் தொடவில்லை.

ஹெலன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூட இல்லை. ஏதோ கூட்டலைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறவள் போல இருந்தாள்.

"மரத்தடியில உங் காலப் புடிச்சிக்கினு கேட்டனே பிரின்சி, உங்கண்ணன் செத்துட்டாரான்னு. அப்பவும் உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

ஹெலன் அவளைச் சுற்றிக்கொண்டு போய், பச்சையம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.